வரி விளம்பரமும் அறச்சீற்றமும்

2010 செப்டம்பர் முதல் வாரத்தின் இறுதியில் கிரெய்க்ஸ்லிஸ்ட் இணையதளத்தின் அமெரிக்கப் பக்கங்களில் ஒரு சிறிய மாற்றம் தென்பட்டது. 'வயதுவந்தோர் சேவைகள்' என்ற இணைப்பு இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை. அதன்மேல் வெள்ளை எழுத்தில் 'தணிக்கை செய்யப்பட்டது' என்ற சொல். அதற்குப் பத்து நாள்களுக்கு முன்புதான், பாலியல் தொழிலுக்கும் சிறார் கடத்தலுக்கும் அந்தப் பகுதி வழிவகுப்பதாகக் கூறி, அதை மூடுமாறு 17 மாகாணங்களின் தலைமை வழக்கறிஞர்கள் கூட்டாகக் கடிதம் எழுதியிருந்தனர். அதே மாதம் நடைபெற்ற நாடாளுமன்றக் குழு விசாரணையில், அந்தப் பகுதி நிரந்தரமாக நீக்கப்பட்டதென்று நிறுவனம் உறுதிப்படுத்தியது.

அமெரிக்க நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் இதைப் பெருஞ்செய்தியாக வெளியிட்டன. அதற்கு முந்தைய ஈராண்டுகளாக அவை தொடர்ந்து எழுதிவந்த விவகாரம் அது. சமூக அக்கறை மிக்க பணி என்றே அந்தச் செய்திகளைப் படித்தவர்கள் எண்ணியிருப்பார்கள். அந்த எண்ணத்தில் பெருமளவு உண்மையும் உண்டு. ஆயினும், குற்றம் சாட்டப்பட்ட அந்த இணையதளத்தால் மிகப் பெரிய பொருளிழப்பைச் சந்தித்த தொழில், செய்தித்தாள் தொழில்தான். வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவரே வழக்கின் நடவடிக்கைகளை ஊருக்கு எடுத்துச் சொல்பவராகவும் இருந்தால், அவர் சொல்லும் செய்தியை நாம் எப்படி எடுத்துக்கொள்வது? பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் இந்தக் கேள்வி பழமை எய்திவிடவில்லை. தேடுபொறிகள், சமூக வலைதளங்கள், செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் ஆகியவற்றோடு செய்தி நிறுவனங்கள் வழக்காடிக்கொண்டே அவற்றைப் பற்றிய செய்திகளையும் எழுதிவரும் இக்காலத்தில் அது மேலும் கூர்மை பெற்றிருக்கிறது.

பறிபோன வருவாய்

கிரெய்க் நியூமார்க் 1995-இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து நண்பர்களுக்கு மின்னஞ்சல் வழியே அனுப்பத் தொடங்கிய நிகழ்ச்சிப் பட்டியலே கிரெய்க்ஸ்லிஸ்டின் தொடக்கம். அடுத்த ஆண்டே அது இணையதளமாயிற்று. வாடகை வீடு, பழைய மேசை, வேலைவாய்ப்பு, துணை தேடல் என எதற்கும் விளம்பரம் இலவசம். சில நகரங்களில் வேலைவாய்ப்பு விளம்பரங்களுக்கும், நியூயார்க்கில் தரகர்கள் வெளியிடும் வாடகை விளம்பரங்களுக்கும் மட்டுமே கட்டணம். சில பத்துப் பணியாளர்களைக் கொண்டு நூற்றுக்கணக்கான நகரங்களுக்கு அது பரவியது.

வரி விளம்பரம் என்று நாம் அழைக்கும் அந்தச் சிறு விளம்பரங்கள்தாம் அமெரிக்க நாளிதழ்களின் பொருளாதார முதுகெலும்பாக இருந்தன. 2000-ஆம் ஆண்டில் அவற்றின் மூலம் அந்நாட்டு நாளிதழ்கள் ஈட்டிய வருவாய் ஏறத்தாழ 1,960 கோடி டாலர். மொத்த விளம்பர வருவாயில் அது ஐந்தில் இரண்டு பங்கு. 2009-இல் அது 620 கோடி டாலர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒரு தலைமுறைக் காலத்தில் நிகழ வேண்டிய சரிவு பத்தாண்டுகளுக்குள் நிகழ்ந்து முடிந்தது.

இந்தச் சரிவுக்குக் கிரெய்க்ஸ்லிஸ்ட் ஒன்றே காரணம் என்பது மிகைக்கூற்று. வேலைவாய்ப்பு விளம்பரங்களை மான்ஸ்டர் போன்ற தளங்களும், வாகன விளம்பரங்களை ஆட்டோடிரேடர் போன்றவையும் கொண்டுசென்றன. பழைய பொருள்களின் சந்தை ஈபேக்குப் போயிற்று. இவற்றோடு 2008-இன் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. எனினும் பாதிப்பு கற்பனையன்று. ராபர்ட் சீமன்ஸ், ஃபெங் ஜூ ஆகிய இரு ஆய்வாளர்கள், 2000 முதல் 2007 வரை கிரெய்க்ஸ்லிஸ்டின் வருகையால் வரி விளம்பரதாரர்கள் சேமித்த தொகை 500 கோடி டாலர் என மதிப்பிட்டனர். விளம்பரதாரர் சேமித்த பணம் நாளிதழ் இழந்த பணம்.

அந்த இழப்பு முதலாளிகளின் லாபக் கணக்கோடு நின்றுவிடவுமில்லை. வரி விளம்பரங்களை அதிகம் நம்பியிருந்த உள்ளூர் நாளிதழ்கள், கிரெய்க்ஸ்லிஸ்ட் தம் நகரத்துக்கு வந்த பின் செய்தியாளர்களைக் கூடுதலாகக் குறைத்தன என்றும், அரசியல் செய்திகளுக்கான இடத்தைச் சுருக்கின என்றும் மிலேனா ஜொரெலோவா, ரூபன் துரான்ட்டே, கிரகரி மார்ட்டின் ஆகியோரின் ஆய்வு காட்டுகிறது. பழைய சோபாவை விற்கும் மூன்று வரி விளம்பரம்தான் மாநகராட்சிக் கூட்டத்துக்குச் செய்தியாளரை அனுப்பிவைத்திருந்தது. அந்த வரிகள் போனதும் அவரும் போனார். ஆக, 2009-இல் கிரெய்க்ஸ்லிஸ்டைப் பற்றி எழுதிய செய்தியாளர் பலர், பக்கத்து இருக்கை காலியாகிக் கிடக்கும் அறையில் அமர்ந்துதான் எழுதினர்.

எவரும் ஆணையிடத் தேவையில்லை

இதைச் சொன்னவுடன் சிலர் சதிக் கோட்பாட்டுக்குத் தாவிவிடுவார்கள். போட்டியாளரை ஒழித்துக்கட்டுமாறு உரிமையாளர் ஆசிரியருக்கு ஆணையிட்டார், ஆசிரியர் செய்தியாளரை ஏவினார் என்ற கதை சொல்வதற்கு எளிது, நம்புவதற்குக் கடினம். அமெரிக்க நாளிதழ்களில் விளம்பரத் துறைக்கும் செய்திப் பிரிவுக்கும் இடையே ஒரு சுவர் உண்டு. பெரும்பாலான செய்தியாளர்கள் அதை மதித்தே பணியாற்றினர். தவிர, 2009-இல் வயதுவந்தோர் பகுதியைத் தாக்குவதால் நாளிதழுக்கு ஒரு வாடகை வீட்டு விளம்பரம்கூடத் திரும்பி வந்திருக்காது. வணிகத் தந்திரமாகப் பார்த்தாலும் அது பயனற்றதே.

நலமுரண் வேலை செய்யும் விதம் வேறு. எது செய்தி, எது செய்தியன்று என்ற தேர்விலும், எந்தப் பெயர் தலைப்பில் வர வேண்டும், எந்த ஒப்பீடு தேவை, எது தேவையில்லை என்ற முடிவிலும் அது ஓசையின்றி நுழைகிறது. நம் வீட்டுக் கூரையைப் பெயர்த்தவன்மேல் ஒரு புகார் வந்தால், அதை நாம் சற்று எளிதாக நம்புவோம். அதே புகார் நண்பனின்மேல் வந்தால் இரண்டாவது சாட்சி கேட்போம். பொய் சொல்ல எவரும் முடிவெடுக்காமலேயே சித்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

2009 ஏப்ரலில் பாஸ்டன் நகரில், கிரெய்க்ஸ்லிஸ்டில் விளம்பரம் செய்திருந்த ஒரு பெண் விடுதியில் கொல்லப்பட்டார். மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் கைது செய்யப்பட்டார். மறு ஆண்டு, விசாரணை தொடங்கும் முன்பே சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அச்சிலும் காட்சியிலும் அவருக்கு வைக்கப்பட்ட பெயர் 'கிரெய்க்ஸ்லிஸ்ட் கொலைகாரன்'. 1940-களில் துணை தேடுவோர் விளம்பரங்களின் வழியே பெண்களை ஏமாற்றிக் கொன்ற ஓர் இணை அமெரிக்காவையே நடுங்கவைத்தது. அவர்களுக்கும் பத்திரிகைகள் பெயர் சூட்டின. 'தனித்த இதயக் கொலையாளிகள்' என்ற அப்பெயர் விளம்பரத்தின் வகையைக் குறித்தது. அவற்றைப் பதிப்பித்தவர் பெயர் எதுவும் அதில் ஒட்டிக்கொள்ளவில்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு நிறுவனத்தின் பெயரே கொலைக்கு அடைமொழியானது. இதில் எவரும் பொய் சொல்லவில்லை, பெயரிட்டதோடு சரி.

எண்கள் எங்கிருந்து வருகின்றன?

2010 ஏப்ரலில், வயதுவந்தோர் விளம்பரங்களால் மட்டும் கிரெய்க்ஸ்லிஸ்ட் அவ்வாண்டில் 3.6 கோடி டாலர் ஈட்டும் என்ற மதிப்பீடு வெளியாயிற்று. நிறுவனத்தின் மொத்த வருவாயில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதன்பின் அந்த எண் எல்லாச் செய்திகளிலும் இடம்பெற்றது. அதை வெளியிட்டது ஏ.ஐ.எம். குழுமம் என்ற ஆலோசனை நிறுவனம். வரி விளம்பரத் துறையில் இயங்கும் பதிப்பாளர்களுக்கு ஆலோசனை வழங்குவதே அதன் தொழில். மதிப்பீடு தவறென்று இதனால் ஆகிவிடாது. கிரெய்க்ஸ்லிஸ்ட் தன் கணக்குகளை வெளியிடாத தனியார் நிறுவனம் என்பதால் வெளியார் மதிப்பீட்டையே நம்ப வேண்டிய நிலை. ஆனாலும், எண்ணைத் தந்தவர் யாருக்காக வேலை செய்பவர் என்பதைச் சேர்த்துச் சொல்ல ஒரு வரி போதும்.

கிரெய்க்ஸ்லிஸ்டின் தரப்பிலும் குற்றமில்லாமல் இல்லை. 2008 நவம்பரில் நாற்பது மாகாணத் தலைமை வழக்கறிஞர்களோடு செய்துகொண்ட உடன்பாட்டின்போது, பாலியல் சேவை விளம்பரங்களின் நிகர வருவாய் முழுவதையும் அறக்கொடையாக அளிப்பதாக அது அறிவித்தது. மறு ஆண்டு அந்தப் பகுதியின் பெயரை மாற்றி, விளம்பரத்துக்குப் பத்து டாலர் கட்டணம் வசூலித்தபோது அந்த உறுதிமொழி தொடரவில்லை. 2010 ஆகஸ்டில், தாங்கள் சிறுமிகளாக இருந்தபோது அந்தத் தளத்தின் வழியே விற்கப்பட்டதாகச் சொன்ன இருவரின் கடிதம் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் கட்டண விளம்பரமாக வெளியானது. அந்தக் கடிதத்தைப் படித்தவர் எவரும், இது பத்திரிகைகளின் வயிற்றெரிச்சல் என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. தீங்கு உண்மையானது. அதைச் சொன்னவரின் உள்நோக்கம் எதுவாயினும் தீங்கு தீங்குதான்.

நலமுரண் பத்திரிகைகளிடம் மட்டும் இருந்ததாகவும் கருத வேண்டியதில்லை. கிரெய்க்ஸ்லிஸ்ட் நிர்வாகிகள்மேல் குற்றவியல் வழக்குத் தொடரப்போவதாக 2009-இல் எச்சரித்த தென் கரோலினாவின் தலைமை வழக்கறிஞர் ஹென்றி மெக்மாஸ்டர், மறு ஆண்டு ஆளுநர் பதவிக்கான கட்சித் தேர்தலில் போட்டியிட்டார். கனெக்டிகட் மாகாணத்தின் ரிச்சர்ட் புளுமெந்தால் 2010 நவம்பரில் செனட் சபைக்குத் தேர்வானார். தேர்தலை நோக்கியிருந்த வழக்கறிஞருக்கு ஒரு மேடை தேவைப்பட்டது. பத்திரிகைக்கு ஒரு செய்தி தேவைப்பட்டது. வலுவான சட்ட அடிப்படை இருந்ததா என்ற கேள்விக்கு அந்தச் சந்திப்பில் இடம் குறைவாகவே கிடைத்தது. சிகாகோவை உள்ளடக்கிய குக் மாவட்டத்தின் ஷெரிப் தாமஸ் டார்ட் 2009 மார்ச்சில் தொடுத்த வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றம் அக்டோபரிலேயே தள்ளுபடி செய்துவிட்டது. பயனர் இடும் பதிவுக்குத் தளம் பொறுப்பாகாது என்கிற 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 230-ஆவது பிரிவே அதற்கு அடிப்படை.

நாளிதழ்களின் நியாயமான குறை

அந்த 230-ஆவது பிரிவுதான் செய்தித்தாள் தொழிலின் உண்மையான, நியாயமான மனக்குறை. 'ஆண்கள் தேவை', 'பெண்கள் தேவை' என்று வேலைவாய்ப்பு விளம்பரங்களைத் தனித்தனிப் பத்திகளில் வெளியிட்ட பிட்ஸ்பர்க் பிரஸ் நாளிதழுக்கு எதிராக அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973-இல் தீர்ப்பளித்தது. பாகுபாடு காட்டும் வீட்டு விளம்பரத்துக்கும் அச்சு நாளிதழே பொறுப்பேற்க வேண்டும். ஆனால் அதே பாகுபாட்டு விளம்பரம் கிரெய்க்ஸ்லிஸ்டில் வெளியானபோது, தளம் பொறுப்பாகாது என்று ஏழாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் கூறிவிட்டது. ஒரே வாசகம், தாளில் வந்தால் குற்றம், திரையில் வந்தால் குற்றமில்லை.

ஒரு நாளிதழ் விளம்பரத்தைப் படித்துப் பார்த்து, சட்டத்துக்கு ஒவ்வாததை நீக்க ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்தது. போட்டியாளருக்கு அந்தச் செலவு இல்லை. இந்த வேறுபாட்டைப் பொதுவெளியில் விவாதித்திருந்தால், அது தொழில் நலனும் பொது நலனும் ஒன்றாகிற இடமாக இருந்திருக்கும். 'இந்தச் சட்டத்தால் எங்களுக்கு இழப்பு, உங்களுக்கும் இழப்பு, காரணம் இது' என்று நாளிதழ்கள் நேராகவே எழுதியிருக்கலாம். கொலையும் காமமும் கலந்த செய்தி கிடைத்தபோது, சட்டப் பிரிவைப் பற்றிய செய்திக்கு முதல் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை.

கண்ணாடியின் மறுபக்கம்

உள்நோக்கம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும் என்பதற்கு இதே விவகாரத்தில் ஒரு சான்று இருக்கிறது. கிரெய்க்ஸ்லிஸ்ட் மூடிய கதவிலிருந்து வெளியேறிய விளம்பரங்களில் பெரும்பகுதி பேக்பேஜ் என்ற தளத்துக்குச் சென்றது. அதை நடத்தியது ஒரு பத்திரிகை நிறுவனம். மைக்கேல் லேசி, ஜேம்ஸ் லார்க்கின் ஆகிய இருவர் கட்டியெழுப்பிய மாற்று வார இதழ்களின் குழுமம் அது. நியூயார்க்கின் புகழ்பெற்ற வில்லேஜ் வாய்ஸ் இதழும் அதற்குச் சொந்தம். அந்த இதழ்களின் கடைசிப் பக்கத்தில் வந்துகொண்டிருந்த விளம்பரங்களே தளத்துக்குப் பெயர் தந்தன. கிரெய்க்ஸ்லிஸ்டால் இழந்த வருவாயை மீட்க 2004-இல் தொடங்கப்பட்ட தளம் அது.

இவர்கள் வெறும் வணிகர்கள் அல்லர். அரிசோனாவின் ஷெரிப் ஜோ அர்ப்பயோவின் அத்துமீறல்களை அஞ்சாமல் எழுதியவர்கள். அதற்காக 2007-இல் இரவோடு இரவாகக் கைது செய்யப்பட்டவர்கள். பின்னர் மாவட்ட நிர்வாகம் 37.5 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்து அந்த வழக்கை முடித்துக்கொண்டது. அப்படிப்பட்ட இதழ்கள் 2011-இல் வேறொரு புலனாய்வில் இறங்கின. அமெரிக்காவில் ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரையிலான சிறார் பாலியல் தொழிலில் தள்ளப்படுகிறார்கள் என்று நடிகர்களும் தொண்டு நிறுவனங்களும் சொல்லிவந்த எண் பொய் என்று அவை எழுதின. அந்த எண், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் 2001-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று 'ஆபத்துக்கு ஆளாகக்கூடியவர்கள்' என்று கணித்த தொகை. உண்மையில் பாதிக்கப்பட்டவர்களின் தொகையன்று. இதைச் சுட்டிக்காட்டியது சரியே. பெரிய நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இவை கேட்டன.

ஆனால் அதற்கு மாற்றாக அவை முன்வைத்தது, பெருநகரங்களில் அத்தகைய வழக்குகளில் கைதான சிறாரின் எண்ணிக்கையை. கைது எண்ணிக்கை என்பது காவல்துறையின் கண்ணில் பட்டதை மட்டுமே காட்டும். மிகையை உடைத்தவர்கள் குறையைப் பெரிதாக நம்பவைத்தார்கள். பேக்பேஜின் வருவாய் அவர்கள் பக்கம் இருந்தது. 2017 ஜனவரியில் செனட் துணைக் குழு வெளியிட்ட அறிக்கை, விளம்பரம் செய்யப்படுபவர் சிறுமி என்பதைக் காட்டிக்கொடுக்கும் சொற்களை நீக்கிவிட்டு விளம்பரங்களைப் பேக்பேஜ் வெளியிட்டதை ஆவணங்களோடு அம்பலப்படுத்தியது. கிரெய்க்ஸ்லிஸ்டின்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டைவிடக் கொடிய செயல் இது. செய்ததோ பத்திரிகையாளர்கள் தொடங்கிய நிறுவனம்.

இதே காலத்தில் நியூயார்க் டைம்ஸ் பத்தியாளர் நிக்கோலஸ் கிறிஸ்டாஃப் செய்தது கவனத்துக்குரியது. பேக்பேஜின் தாய் நிறுவனத்தில் கோல்ட்மன் சாக்ஸ் வங்கிக்கு 16 சதவீதப் பங்கு இருப்பதை 2012-இல் அவர் வெளிக்கொணர்ந்தார். வங்கி அந்தப் பங்கைக் கைவிட்டது. அவ்வாண்டே இதழ்கள் பேக்பேஜிலிருந்து பிரிந்தன. போட்டித் தொழிலைச் சேர்ந்த நாளிதழில் வெளியான எழுத்துதான் அதுவும். ஆனால் அவர் பணம் எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்டார். பெயர்ப் பலகையோடு நின்றுவிடவில்லை. உள்நோக்கம் இருக்கக்கூடிய இடத்திலும் நல்ல செய்தி பிறக்கும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

நூறாண்டுப் பழைய கதை

இவையெல்லாம் இணையம் கொண்டுவந்த புதுமை என்று நினைத்தால் அது தவறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் ஹெரால்டு நாளிதழின் 'தனிப்பட்டவை' என்ற விளம்பரப் பத்தி, பாலியல் தொழிலுக்கான மறைமுக விளம்பரங்களுக்குப் பெயர்போனதாக இருந்தது. நகரமே அறிந்திருந்த அந்த இரகசியத்தை அம்பலப்படுத்தியவர் போட்டி நாளிதழின் அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட். 1906-இல் அவர் நியூயார்க் ஆளுநர் தேர்தலில் நின்றபோது ஹெரால்டு அவரைக் கடுமையாக எதிர்த்திருந்தது. தம் செய்தியாளரைக் கொண்டு ஹெர்ஸ்ட் சான்றுகளைத் திரட்டினார். வழக்கு நீதிமன்றம் சென்றது. 1907-இல் அதன் உரிமையாளர் ஜேம்ஸ் கார்டன் பென்னட் உள்ளிட்ட ஹெரால்டு தரப்பு மொத்தம் 31,000 டாலர் அபராதம் செலுத்த நேர்ந்தது.

ஹெர்ஸ்டின் நோக்கம் பழிவாங்கல். அவர் வெளியிட்ட செய்தியோ உண்மை. இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொள்ள நமக்குத் தெரிய வேண்டும். நோக்கத்தைக் காட்டிச் செய்தியைப் பொய்யாக்குவதும் பிழை. செய்தி உண்மை என்பதால் நோக்கத்தை மறந்துவிடுவதும் பிழை.

அதற்குப் பின் என்ன ஆயிற்று?

உள்நோக்கம் மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் ஒன்று உண்டு. பகைவன் வீழ்ந்த பிறகு செய்தி தொடர்கிறதா என்பதே அது. கிரெய்க்ஸ்லிஸ்டின் பகுதி மூடப்பட்டபின் பாதிக்கப்பட்டவர்கள் மீண்டார்களா, கடத்தல் குறைந்ததா என்று பின்தொடர்ந்த செய்திகள் முன்பு வந்தவற்றோடு ஒப்பிட மிகச் சிலவே. விளம்பரங்கள் பேக்பேஜுக்குப் பெயர்ந்தன. 2018 ஏப்ரலில் பேக்பேஜைக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பு முடக்கியது. அடுத்த சில நாள்களிலேயே, பாலியல் கடத்தலுக்குத் துணைபோகும் தளங்களுக்கு 230-ஆவது பிரிவின் பாதுகாப்பை விலக்கும் சட்டத்தில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். சட்டம் வருமுன்னரே கிரெய்க்ஸ்லிஸ்ட் தன் துணை தேடும் பகுதி முழுவதையும் மூடிவிட்டது.

மூன்றாண்டுகளுக்குப் பின், 2021 ஜூனில், அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை நிலைமையைச் சொன்னது. புதிய சட்டத்தின் குற்றவியல் பிரிவு அதுவரை ஒரே ஒருமுறைதான் பயன்படுத்தப்பட்டிருந்தது. விளம்பரத் தளங்கள் வெளிநாடுகளுக்கு இடம் மாறிவிட்டதால், சான்று திரட்டுவது புலனாய்வாளர்களுக்குக் கடினமாகிவிட்டிருந்தது. தாமாக இத்தொழிலில் இருந்த பெண்களோ, வாடிக்கையாளரை முன்கூட்டியே விசாரித்தறியும் வழி அடைபட்டுப்போனதாக முறையிட்டனர். யாரைக் காப்பதற்காக இத்தனை மை செலவிடப்பட்டதோ அவர்களின் நிலை என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு, முதல் பக்கத்தில் விடை காணப்படவில்லை. தளத்தின் பெயர் செய்தியிலிருந்து மறைந்ததும் அந்தப் பெண்களும் மறைந்துபோயினர்.

பகைவர் என்று பார்க்கப்பட்ட கிரெய்க் நியூமார்க் பின்னாளில் இதழியலின் பெருங்கொடையாளர்களில் ஒருவரானது வரலாற்றின் விநோதம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் இதழியல் கல்லூரிக்கு 2018-இல் அவர் இரண்டு கோடி டாலர் அளித்தார். அக்கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இங்கும் அதே கேள்வி எழுகிறது: கொடையாளரைப் பற்றி இனி எழுதப்படும் செய்திகளில் ஒரு மென்மை நுழையாதா? வெறுப்பு மட்டுமே சாய்வை உண்டாக்கும் என்றில்லை, நன்றியும் உண்டாக்கும்.

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. நார்வே நாட்டின் நாளிதழ்கள் 2000-இல் தாமே கூடி ஃபின் என்ற இணைய விளம்பரத் தளத்தைத் தொடங்கின. தம் அச்சு வருவாயைத் தாமே கரைக்கத் துணிந்தன. அந்தத் தளம் அந்நாட்டின் முதன்மைச் சந்தையாக வளர்ந்து, ஷிப்ஸ்டெட் குழுமத்தின் செய்தித்தாள்களைத் தாங்கியது. அமெரிக்கப் பதிப்பாளர்களும் வேலைவாய்ப்புக்கும் வாகனங்களுக்கும் கூட்டுத் தளங்களை நடத்தினர். ஆனால் பொதுச் சந்தையை இலவசமாகத் திறந்துவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்தத் தயக்கத்தின் விலையைப் பற்றி எழுதியதைவிட, தயங்காதவரின் குற்றங்களைப் பற்றி அவர்கள் எழுதியது அதிகம்.

வாசகர் கையிலுள்ள அளவுகோல்

இந்தியாவிலும் களம் அமைந்துவிட்டது. எண்ணிமச் செய்திப் பதிப்பாளர்கள் சங்கத்தின் புகாரின்பேரில், விளம்பர வருவாய்ப் பகிர்வு குறித்துக் கூகுள்மேல் விசாரணை நடத்த இந்தியப் போட்டி ஆணையம் 2022 ஜனவரியில் ஆணையிட்டது. புகார் கொடுத்தவர்கள் நாட்டின் பெரிய செய்தி நிறுவனங்கள். அந்த விசாரணையைப் பற்றிய செய்தியையும் அவர்களே நமக்குத் தருகிறார்கள். அவர்களின் கோரிக்கை நியாயமானதாக இருக்கலாம். உழைத்துத் திரட்டிய செய்தியால் பிறர் வருவாய் ஈட்டும்போது பங்கு கேட்பது குற்றமன்று. ஆனால் 'இந்த வழக்கில் நாங்களும் ஒரு தரப்பு' என்ற வரி ஒவ்வொரு செய்தியிலும் இடம்பெற வேண்டும். விளம்பர வருவாயை நம்பியே எல்லா நாளிதழ்ப் பக்கங்களும், இந்தப் பக்கம் உட்பட, இயங்குகின்றன என்பதையும் வாசகர் நினைவில் கொள்ளலாம்.

ஓர் இணையதளத்தின்மேல் குற்றம் சாட்டும் செய்தியைப் படிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்டால் போதும். இதே தீங்கு வேறெங்கும் நிகழவில்லையா, அந்த ஒப்பீடு செய்தியில் உண்டா? எண்ணைத் தந்தவர் யார், அவருக்குச் சம்பளம் தருபவர் யார்? இந்த நாளிதழுக்கு இதில் என்ன லாபநட்டம், அது சொல்லப்பட்டிருக்கிறதா? ஆறு மாதங்களுக்குப் பின் இதே செய்தி மீண்டும் தேடப்படுகிறதா? முதல் மூன்றுக்கும் விடையை அன்றைய நாளிதழிலேயே காணலாம். நான்காவதற்குக் காத்திருக்க வேண்டும். மூடப்பட்ட கதவுக்குப் பின்னால் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அதுவரை நாமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.